செத்தவன் சிரிக்கணும்

கழுத்துக்கும் வலது தோளுக்கும் நடுவில் ஒரு நரம்பு இருக்கிறது. இருபது வயதில் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. இப்போது காலையில் பல் தேய்க்கக் கையைத் தூக்கினால் அது முனகும், பனியன் மாட்டினால் ஏசும், மூட்டை ஏற்றினால் ஒப்பாரி வைக்கும். அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஒரே மூட்டையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன்.

"நிஜ உப்பா மேடம் இது?"

"நிஜ உப்புதான் கொம்பையா. அம்பது கிலோ," என்றார் இயக்குநர் தான்யா மேடம்.

"பஞ்சு வச்சுத் தச்சிருக்கலாமே. சினிமாதானே?"

"பஞ்சுன்னா உங்க முதுகுக்குத் தெரிஞ்சிடும். முதுகுக்குத் தெரிஞ்சா பெரியவருக்கும் தெரிஞ்சிடும்."

பெரியவர் என்பது ஆள் இல்லை, மெஷின். கம்பெனிக்காரர்கள் அதற்குக் கற்பனைப்பொறி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு, வெளியே தெரிகிற மாதிரி ஒரு வேலையும் செய்யாமல், எல்லோரையும் தன் பதிலுக்காகக் காத்திருக்க வைக்கிற ஒன்றை நாங்கள் வேறு எப்படிக் கூப்பிடுவது? பெரியவர் என்றோம். அதுவே நிலைத்துவிட்டது. ஒரு மனிதனைப் பற்றிய எல்லா எழுத்தையும் அதற்குள் போட்டால் அவன் வாழ்க்கையைக் கனவு மாதிரி கண்டு படமாக்கிக் கொடுத்துவிடும். கேமரா வேண்டாம், செட் வேண்டாம், நடிகர் கூட வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே கேட்டேன். "எல்லாத்தையும் அவரே கண்டுக்குவாருன்னா நான் எதுக்கு மேடம்?"

"முகம் வரும், ஊர் வரும், மழை வரும். உடம்பு மட்டும் வராது. முதல்ல வந்த படங்கள்ல எல்லாரும் எலும்பே இல்லாத மாதிரி நடந்தாங்க. தியேட்டர்ல பாதிப் பேருக்குத் தலை சுத்தி வாந்தி. வலிச்ச உடம்பைத்தான் சனங்க நம்புறாங்க."

அதனால்தான் நாங்கள். உடம்புக்காரர்கள் என்று எங்களுக்குப் பெயர். தோலோடு ஒட்டுகிற ஒரு சட்டையைக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மாட்டிவிடுவார்கள். மூச்சு, நடை, தசை இழுப்பு, வயிற்றுக் குலுக்கல் எல்லாம் அதில் பதியும். முகத்தைப் பெரியவர் பார்த்துக்கொள்வார். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக் கெட்டுப்போன என் உடம்புக்குச் சென்னையில் இப்படி ஒரு மவுசு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் உடம்பு கொடுத்தது எழுத்தாளர் உப்பாறனுக்கு. அவரும் எங்கள் ஊர். உப்பளத்தில் கூலி வேலை பார்த்தபடியே நாவல் எழுதியவர். ஒரு நாவலை அரசாங்கம் தடை செய்து, அவரைப் பிடித்து வரப் போலீஸை அனுப்பியது. மறுநாள் செத்துப்போனார். எப்படிச் செத்தார் என்பது நாற்பது வருஷமாக யாருக்கும் தெரியாது. மேடைக்கு மேடை ஒரு கதை சொல்வார்கள்.

பெரியவர் அவர் புத்தகங்களையெல்லாம் தின்றுவிட்டுக் கண்ட கனவை என்னவென்று சொல்ல! தலைமைச் செயலகத்துக்குள் உப்பாறன் படகு ஓட்டிக்கொண்டு போகிறார். மந்திரிகளுக்கெல்லாம் உப்பால் செய்த தலை. மழை வந்தால் கரைந்துவிடும் என்பதால் வானிலை அறிக்கையைத் தணிக்கை செய்யத் தனி இலாகா. உப்பாறன் எழுதுகிற பக்கங்களைத் தின்பதற்கென்று ஓர் ஒற்றன் சம்பளத்துக்கு இருக்கிறான். தின்னத் தின்ன அவனே உப்பாறன் மாதிரிப் பேச ஆரம்பிக்கிறான். கடைசியில் போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறது.

"இதெல்லாம் மெய்யாலுமே நடந்துச்சா நைனா?" என்று கேட்டான் டில்லிபாபு. ராயபுரத்துக்காரன், சண்டைக் கலைஞன். படத்தில் போலீஸ்காரருக்கு அவன்தான் உடம்பு.

"தலை கரையிறது மட்டும் நடந்திருக்காது," என்றேன்.

பணம் போட்டுப் படம் எடுத்தவர் தவசிலிங்கம் அண்ணாச்சி. உப்புக் கம்பெனி முதலாளி, கட்சிக்காரர். தூத்துக்குடி இடைத்தேர்தலில் நிற்கப்போகிறவர். ஒரு நாள் நாங்கள் வேலை பார்க்கிற ஸ்டுடியோ ஃப்ளோருக்கு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் செருப்பு. பெரியவர் இருந்த அறையைப் பார்த்துக் கும்பிட்டார், எதற்கும் இருக்கட்டும் என்று.

"அம்மா, படகு விடுங்க, மீனு விடுங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கடைசியில பாலத்து மேல மிக்கேல் ஏட்டு அவரைச் சுடணும். பேரு மிக்கேல்னே இருக்கணும். சட்டை நம்பரும் அதே நம்பரு."

"அதுக்கு ஆதாரம் இருக்கா சார்?"

"தேடிப் போன போலீசு அவந்தானே? மறுநாளு பொணம். பெறவு என்ன ஆதாரம்?"

அவர் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பது அமலி டீச்சர். மிக்கேல் ஏட்டையாவின் மகள்.

"படம் தொடங்கும்போது இது கற்பனைன்னு போட்டுடுவோம்," என்றார் மேடம். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அதைப் போடும்போது சனம் முறுக்கு வாங்கிட்டு இருக்கும் மேடம்."

போன வருஷம் இதே மாதிரிப் படம் ஒன்றில் ஒரு டாக்டரைக் குழந்தை திருடுகிறவராகக் காட்டியிருந்தார்கள். படம் கற்பனை. அவர் கிளினிக் கண்ணாடியில் விழுந்த கல் நிஜம். மெஷின் படத்தைச் சனங்கள் படமாகப் பார்ப்பதில்லை, பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரிப் பார்க்கிறார்கள். இது மேடத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் வேலைக்குப் போனேன். செத்து விழச் சொன்னால் விழுவதுதான் என் வேலை.

சாவுக் காட்சி நாள் வந்தது. பாலத்துக்குப் பதிலாக ஒரு மரப்பலகை. டில்லிபாபு போலீஸ் தொப்பியும் பொம்மைத் துப்பாக்கியுமாக நின்றான், அவன் உடம்பிலும் சட்டை. டுமீல் என்று சத்தம் மட்டும் போட்டார்கள். நான் விழுந்தேன். முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில் தோள். நரம்பு கத்தியது. அதையும் சேர்த்தே செத்தேன்.

"அருமை கொம்பையா! கழட்டலாம்," என்றார் மேடம்.

"இருங்க மேடம். சிரிக்கணும்."

"என்னது?"

சினிமாவில் செத்தவன் செத்தபடியே வீட்டுக்குப் போகக் கூடாது. கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டுத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாவு கூடவே வரும். பழைய காலத்திலிருந்து உள்ள வழக்கம். டில்லிபாபுவின் சண்டைக் கூட்டத்தில் இன்னும் ஒரு படி அதிகம். கொன்றவன்தான் செத்தவனைத் தூக்க வேண்டும். என் வீட்டுக்காரி பேச்சியம்மா இதில் ரொம்பக் கறார். வேலை முடிந்து போன் பண்ணினால் முதல் கேள்வி, "இன்னைக்குச் செத்தீரா?" இரண்டாவது கேள்வி, "சிரிச்சீரா?"

"இங்க கேமராவே இல்லையே. எதைப் பார்த்துச் சிரிப்பீங்க?" என்றார் மேடம்.

"சட்டைக்குத் தெரியிற மாதிரி சிரிக்கேன்."

"சட்டை இன்னும் ஓடிட்டிருக்கு. அணைச்சிடறேன், அப்புறம் சிரிங்க."

"அணைச்ச பெறவு சிரிச்சா அது யாரு கணக்கு மேடம்? ஏ டில்லி, தூக்குடே!"

டில்லிபாபு குனிந்து முதுகைக் காட்டினான். என்னைத் தூக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். தொப்பியைக் கழற்றி என் தலையில் கவிழ்த்தான், துப்பாக்கியை என் கையில் திணித்தான், பிள்ளைகள் விளையாட்டு மாதிரி என்னை முதுகில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு ஃப்ளோரைச் சுற்றி ஓடினான்.

"இன்னா நைனா, செத்தப்புறம் வெயிட்டு ஏறிட்டே! உயிரு போனா குறையணும்பா!"

அடக்க முடியவில்லை. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். அந்த ஒரு நிமிஷம் கழுத்து நரம்பு வாயைத் திறக்கவே இல்லை. மேடமும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சட்டையை அணைக்க வேண்டும் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

முதல் காட்சியை அண்ணாச்சி தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார். மத்தியானம் பிரியாணி, அதற்கு மேல் படம். கட்சிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். எங்களையும் வரச்சொல்லியிருந்தார். படகு வந்தது, கைதட்டினார்கள். உப்புத்தலை மந்திரிகள் கரைந்தார்கள், எந்த மந்திரி யாரென்று ஆளாளுக்குப் பேர் சொல்லி விசிலடித்தார்கள். பிறகு பாலம் வந்தது. மிக்கேல் ஏட்டு துப்பாக்கியை நீட்டினார். வெடித்தது. உப்பாறன் விழுந்தார், முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, கடைசியில் தோள். முன்வரிசையில் ஓர் அம்மா வாய்விட்டு அழுதார். அண்ணாச்சி மெதுவாகத் திரும்பி எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டார்.

படம் அங்கே முடியவில்லை.

மிக்கேல் ஏட்டு துப்பாக்கியைப் பார்த்தார், செத்துக் கிடந்தவரைப் பார்த்தார். குனிந்தார். தொப்பியைக் கழற்றி உப்பாறன் தலையில் வைத்தார், துப்பாக்கியை அவர் கையில் கொடுத்தார், முதுகில் ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஓட ஆரம்பித்தார். உப்பாறன் சிரித்தார். என் வயிற்றுக் குலுக்கல், அவர் முகம். பாலத்துக்குக் கீழே மீன்கள் தலையை நீட்டிப் பார்த்தன. கரைந்துபோன மந்திரிகள் தண்ணீருக்குள்ளிருந்து "பிடி, பிடி" என்று கத்தினார்கள். ஏட்டும் சிரித்துக்கொண்டே ஓடினார். முதலில் பின்வரிசையில் ஒருத்தன் களுக் என்றான். அப்புறம் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அழுத அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

விளக்குப் போட்டதும் அண்ணாச்சி எங்களை மணமகள் அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

"என்னம்மா இது? கொலைகாரன் செத்தவன உப்பு மூட்டை தூக்கிட்டு ஓடுதான்!"

"செத்ததோட நிறுத்தத்தான் சொன்னேன் சார். ஆனா சட்டையில உயிர் ஓடிட்டிருந்தது. உயிர் ஓடுற வரைக்கும் பெரியவர் கதையை நிறுத்த மாட்டார். ரெண்டு சட்டையிலயும் தூக்கறதும் சிரிக்கறதும் பதிஞ்சிருக்கு. அதுக்கு ஒரு காரணம் வேணும், அவரே கண்டுபிடிச்சுக்கிட்டார்."

"வெட்டுங்க."

"என்னால முடியாது. கொம்பையாவும் டில்லிபாபுவும் ரேகை வைக்கணும்."

இது எங்கள் சங்கம் போராடி வாங்கிய சட்டம். முன்பு ஒருத்தி பிரசவக் காட்சிக்கு உடம்பு கொடுத்தாள். அவள் முக்கினதை வெட்டி எடுத்து மலச்சிக்கல் மருந்து விளம்பரத்தில் போட்டுவிட்டார்கள். ஊரே சிரித்தது, அவள் தெருவில் நடக்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் வேலைநிறுத்தம். சட்டையில் பதிந்ததை வெட்டவோ ஒட்டவோ வேண்டுமென்றால் உடம்பைக் கொடுத்தவன் கட்டைவிரல் வைக்க வேண்டும். இல்லையென்றால் முழுசாகப் போடு, அல்லது மொத்தத்தையும் தூக்கி எறிந்துவிட்டு வேறு உடம்போடு முதலிலிருந்து தொடங்கு. தொடங்கினால் தேர்தல் முடிந்துவிடும்.

அண்ணாச்சி என் தோளில் கை வைத்தார், சரியாக அந்த நரம்பின் மேல்.

"வைடே கொம்பையா. நம்ம ஊர்க்காரன்தானே நீ."

"யோசிச்சுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

"ஒரு சிரிப்ப வெட்டுததுக்கு என்னடே யோசனை?"

"அத வெட்டிட்டா நான் சிரிக்காமச் செத்தவன்லா அண்ணாச்சி? வீட்டுல சேத்துக்க மாட்டா."

"வேடிக்கை பேசாத. நாளைக்குள்ள ரேகை வரல, பெறவு எந்த ஃப்ளோர்லயும் உனக்குச் சட்டை கிடையாது. மூட்டை தூக்கப் போயிரு. அந்தக் கழுத்த வச்சுட்டு எத்தன மூட்டை தூக்குவேன்னு பாப்போம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தக் கழுத்தோடு மூன்று மூட்டை தூக்கினால் அதிகம்.

மறுநாள் காலையில் டில்லிபாபுவையும் கூட்டிக்கொண்டு திரேஸ்புரத்துக்குப் பஸ் ஏறினேன். எதற்கு என்று அவன் கேட்டான். "யாரக் கொலைகாரன் ஆக்கப் போறேன்னு ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிடுதேன்," என்றேன்.

மிக்கேல் ஏட்டையா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். எழுபது வயசுக்கு முதுகு இன்னும் நேராக இருந்தது. பூனை ஒன்று பக்கத்தில் காவல் இருந்தது.

"ஓட்டு கேக்க வந்தியளா, ஓட்டுக்குத் துட்டு கேக்க வந்தியளா? ரெண்டுக்கும் மக வீட்டுல இல்ல."

"படத்துல உங்களா நடிச்சது இவன்தான் ஏட்டையா," என்று டில்லிபாபுவைக் காட்டினேன். "செத்தது நான்."

அவர் டில்லிபாபுவை மேலும் கீழும் பார்த்தார். "நான் இன்னும் கொஞ்சம் செவப்பு," என்றார். "ஊரெல்லாம் பேச்சு. நான் சுட்டுட்டேனாமே? எங்களுக்கெல்லாம் லத்திதான்டே குடுத்திருந்தான். துப்பாக்கி இருந்தா பொண்டாட்டியாவது மதிச்சிருப்பா."

சிரித்தார். ஆனால் மீன் கழுவின கை நின்றுவிட்டது. "நான் கெழவன், என் மேல கல்லு விட்டா விட்டுட்டுப் போட்டும். அவ வீடு வீடாப் போறா. அவ மேல விழும்லா?"

போனில் கடைசிக் காட்சியை மட்டும் காட்டினேன். துப்பாக்கி வெடித்தபோது அவர் முகம் அசையவில்லை. தொப்பி கை மாறினபோது போனைப் பிடுங்கிக்கொண்டார். மீன் செதில் ஒட்டின விரலால் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பூனை ஒரு மீனை இழுத்துக்கொண்டு போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

"யாருடே உங்ககிட்ட சொன்னது?"

"எத ஏட்டையா?"

"தொப்பி."

எங்களுக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

"பிடிச்சிட்டு வான்னு அனுப்புனாவ. போனா மனுசன் பாயில மஞ்சளாக் கெடக்காரு. கண்ணு, நகம், எல்லாம் மஞ்சக்காமாலை. எந்திரிக்க முடியல. அந்த நிலைமையில ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா அங்கயே முடிஞ்சிருவாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டேன். அப்பம் பாலத்துல வண்டி கெடையாது. முதுகுல ஏத்துனா எனக்கு ரெண்டு கையும் வேணும்லா? தொப்பியும் லத்தியும் அவருகிட்ட. மனுசன் தொப்பியத் தலையில மாட்டிக்கிட்டாரு. லத்தியால என் தொடையில தட்டி, 'வெரசாப் போவே மிக்கேலு, கைதி தப்பிச்சிரப் போறான்'னாரு. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு. எனக்கும் தாங்காம ரெண்டு தடவ பாலத்துலயே இறக்கி வச்சு நின்னு சிரிச்சேன்."

"மறுநாளு?"

"விடியக்காலம் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில வேற பேரு குடுத்திருந்தேன், சீட்டெல்லாம் அந்தப் பேருலதான். ஸ்டேஷன்ல ஆளக் காணோம்னு சொல்லிட்டேன். தூக்கிட்டுப் போனேன்னு சொன்னா வேலை போயிருக்கும். பெறவு அதுவே பழகிப்போச்சு. எம் மககிட்டகூடச் சொன்னதில்ல."

டில்லிபாபு என் காதைக் கடித்தான். "பெரியவருக்கு எப்படி நைனா தெரிஞ்சிச்சு?"

"அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றேன். ஆளைத் தூக்கக் கை வேண்டும். கையில் இருக்கிறதை முதுகில் இருக்கிறவனிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தொப்பி கிடைத்தவன் தலையில் வைத்துத்தான் பார்ப்பான். அன்றைக்குப் பாலத்திலும் அதுதான், எங்கள் ஃப்ளோரிலும் அதுதான். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கை மயிர் கூச்செறிந்தது, அதையும் மறைக்கவில்லை.

அங்கிருந்தே அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன். "ரேகை வைக்க மாட்டேன் அண்ணாச்சி."

அவர் பேசினதை எழுதினால் அச்சில் போட மாட்டார்கள்.

போட்ட பணத்தைத் தூக்கி எறிய அவருக்கு மனசு வரவில்லை. சிரிப்போடு சேர்த்தே படம் வந்தது. பயங்கர அரசியல் படம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், சனங்கள் குடும்பத்தோடு போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். ஊரில் பிள்ளைகள் உப்பு மூட்டை ஏறினால் "கைதி தப்பிச்சிட்டான்" என்று கத்துகிறார்கள், ஏட்டையா டீக்கடையில் சொன்னது அப்படிப் பரவிவிட்டது. அவர் வீட்டுக்குக் கல் வரவில்லை. போகிற வழியில் நிறுத்தித் தூக்கச் சொல்கிற ஆட்களின் தொல்லைதான். அண்ணாச்சி வெற்றி விழாவில் மைக்கைப் பிடித்து, போலீஸும் மக்களும் நண்பர்கள் என்று காட்டத்தான் படமே எடுத்ததாகச் சொன்னார். தேர்தலில் அவரும் ஜெயிக்கவில்லை, அமலி டீச்சரும் ஜெயிக்கவில்லை. மூன்றாவதாக நின்ற ஒருவர் ஜெயித்தார். அவர் படமே பார்க்கவில்லையாம்.

எனக்குக் கொஞ்ச காலம் சட்டை கிடைக்கவில்லை. பேச்சியம்மா இட்லிக் கடை போட்டாள், நான் சட்னி அரைத்தேன். அப்புறம் ஒவ்வொருத்தராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அதே மாதிரி செத்துச் சிரிக்க வேண்டுமாம்.

படம் வந்த முதல் நாளே ஏட்டையாவைத் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். மேடமும் வந்திருந்தார். வெளியே வந்ததும் டில்லிபாபு கேட்டான், "இன்னா ஏட்டையா, திருப்திதானே?"

"படம் நல்லாத்தான் இருக்கு. மீனு ஜோரு." செருப்பைத் தேடுவது மாதிரிக் கீழே பார்த்தார். "பாலம் முடியிற எடத்துல என் காதுல சொன்னாரு, 'மிக்கேலு, நல்லாகி வந்ததும் உன்ன வச்சு ஒரு கதை எழுதித் தாரேன்'னு. அது வரல."

"அதான் உங்கள வச்சுப் படமே வந்துட்ச்சே!"

"இது மெஷின் கண்டது, இவன் சிரிச்சது. அவரு எழுதணும்லா?"

மேடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவரோட புத்தகம் பூரா பெரியவர்கிட்ட இருக்கு ஐயா. கேட்டா ஒரு நிமிஷத்துல எழுதித் தருவார். அவர் நடையிலேயே. வித்தியாசமே தெரியாது."

ஏட்டையா நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "வேண்டாம்மா. சொன்னவரு ஒருத்தரு, குடுக்கது இன்னொருத்தரா? அது அப்படியே நிக்கட்டும்."

நானும் எழுத்துக்காரன் இல்லை, தூக்குகிறவன். நடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்து இங்கே இறக்கி வைத்திருக்கிறேன். அந்தக் கதை இது இல்லை. எழுத்தாளர் உப்பாறன், ஏட்டு மிக்கேலுக்கு ஒரு கதை பாக்கி.